வண்டில் வீடும் குளிர்காற்றும்

நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்வோருக்கு இம்மொழியை விரித்துரைக்க வேண்டியதில்லை. மலையின் மறைவோ, வற்றாத ஆற்றின் குளிர்ச்சியோ இல்லாத சுண்ணக்கல் நிலம் அது. சித்திரைப் புத்தாண்டையொட்டிய நாள்களில் அங்கே நண்பகற் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கின்றது. ஆகஸ்ட் மாத இறுதியில் மீண்டும் ஒருமுறை அவ்வாறே நிற்கின்றது. மூன்று பக்கமும் கடலும், இடையிடையே கடனீரேரியும் சூழ்ந்திருப்பதால் காற்றிலே ஈரம் மிகுதி. வெப்பமும் ஈரமும் கூடும்போது உடல் வியர்க்கும், வியர்வையோ உலராது. புழுக்கம் என்பது இதுவே.

இத்தகைய நிலத்தில், சில்லுகளின்மேல் ஒரு சிற்றறை அமைத்து, அதை வாகனத்தின் பின்னே பூட்டி, கசூரினாக் கடற்கரைக்கோ மணற்காட்டுக்கோ சென்று, இரவிலே குடும்பத்துடன் தங்க ஒருவர் விரும்புகிறார் எனக் கொள்வோம். இவ்விருப்பம் புதியதன்று. அமெரிக்க நாட்டிலே 1930களிலிருந்தே மக்கள் கண்ணீர்த்துளி போன்ற வடிவுடைய சிறு இழுவை வண்டிகளைத் தம் கையாலேயே செய்து ஊர் சுற்றினர். யாழ்ப்பாணத்தார் பலர் குடியேறியுள்ள அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இழுவை வீடுகள் இன்று சாதாரணக் காட்சி. குடாநாட்டிலும் லாண்ட்மாஸ்டருக்கும் உழவு இயந்திரத்துக்கும் பெட்டி செய்து பழகிய இரும்பு வேலைக்காரரும் தச்சரும் இருக்கின்றனர். வண்டியை அமைப்பது அவர்களுக்கு அரிய செயலன்று. அதனுள் வளிச்சீராக்கி ஒன்றைப் பொருத்துவதுதான் ஆழ்ந்த சிந்தனையை வேண்டுவது.

வளிச்சீராக்கியைப் பற்றி மக்களிடையே பரவலான ஒரு மயக்கம் உண்டு. அது குளிரை உண்டாக்குகிறது என்பதே அம்மயக்கம். உண்மையில் அது குளிரை உண்டாக்குவதில்லை. வெப்பத்தைச் சுமந்து சென்று வெளியே கொட்டுகிறது. துலாவினால் கிணற்று நீரை இறைத்து வாய்க்காலில் ஊற்றுவது போன்ற வேலை அது. இறைத்த நீரை மீண்டும் கிணற்றிலேயே ஊற்றினால் நாள் முழுதும் இறைத்தாலும் பயன் உண்டோ? குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்துவைத்து அறையைக் குளிர்விக்க முயல்வோர் செய்வதும் அதுதான். பெட்டியின் முன்புறம் குளிரும். பின்புறம் அதைவிட மிகுதியாகச் சுடும். முடிவில் அறை முன்னையினும் வெப்பமாகும்.

யன்னலிற் பொருத்தும் வளிச்சீராக்கிகளிற் சிறியது மணிக்கு 5,000 பிரித்தானிய வெப்ப அலகுகளை அகற்றும் ஆற்றலுடையது. மின்சாரக் கணக்கிற் சொன்னால் அது ஏறத்தாழ 1,500 வாட்டு வெப்பம். அதை அகற்ற அவ்வியந்திரம் உட்கொள்ளும் மின்சாரம் ஏறத்தாழ 450 வாட்டு. இவ்விரண்டும் சேர்ந்து, ஏறக்குறைய 2,000 வாட்டு வெப்பம் அதன் பின்புறத்தால் வெளியேற வேண்டும். சிறு வண்டியிலே இடம் போதாமையால் இயந்திரத்தை ஓர் அலுமாரிக்குள் அடைத்துவிடுவோர் உளர். பின்புறத்து வெப்பம் அலுமாரிக்குள்ளே தேங்கினால், தான் வெளிவிட்ட சுடுகாற்றையே இயந்திரம் மீண்டும் உறிஞ்சும், மூச்சுத்திணறி நின்றுவிடும்.

ஆகவே மூன்று விதிகளை மறக்கலாகாது. வெளிக்காற்று இயந்திரத்தின் பக்கவாட்டுத் துளைகளுக்கு வருவதற்கு ஒரு வழி வேண்டும். சுடுகாற்று வெளியேற வேறொரு வழி வேண்டும். இரண்டும் கலவாதவாறு இடையிலே தகடு அடைக்கப்பட வேண்டும். இயந்திரத்தின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் நடுவே காற்றுப்புகாத தடுப்பு இருக்க வேண்டும். ஒற்றைக் குழாயுடன் அறைக்குள்ளே வைக்கும் நகரும் வகை இயந்திரங்கள் இவ்வேலைக்கு அவ்வளவு ஏற்றவையல்ல. அவை அறைக்காற்றையே வெளியே தள்ளுவதால், அதன் இடத்தை நிரப்ப வெளியிலுள்ள சுடுகாற்று இடுக்குகள் வழியாக உள்ளே நுழைந்துவிடும்.

இனி, எவ்வளவு வெப்பத்தை அகற்ற வேண்டியிருக்கிறது என்ற கேள்வி எழுகிறது. எட்டடி நீளமும் நான்கடி அகலமும் கொண்ட வண்டியின் கூரை ஏறத்தாழ மூன்று சதுர மீற்றர். உச்சி வெயில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1,000 வாட்டு வெப்பத்தைப் பொழிகிறது. அக்கூரைமீது மட்டும் 3,000 வாட்டு! இயந்திரம் அகற்றக்கூடியதோ 1,500. கறுத்த தகரக் கூரையும் மெல்லிய சுவரும் கொண்ட வண்டியை வெட்டவெளியில் நிறுத்திவிட்டு இயந்திரத்தைக் குறைகூறுவதில் நியாயமில்லை. அதே வண்டி இரவிலே நிற்கும்போது கணக்கு முற்றிலும் மாறுகிறது. உறங்கும் மனிதர் ஒருவரின் உடல் வெளியிடும் வெப்பம் ஏறத்தாழ 75 வாட்டு, அதாவது பழைய மின்குமிழ் ஒன்றின் அளவு. இருவர் உறங்கினால் 150 வாட்டு. பகலில் வெயிலைத் தடுத்துவிட்டால், இரவில் அச்சிறிய இயந்திரமே தாராளமாகப் போதும்.

வெயிலைத் தடுக்கும் கலை யாழ்ப்பாணத்துக்குப் புதிதா? பனையோலையால் வேய்ந்த கூரையைக் கருதுக. அடுக்கடுக்கான ஓலைகளுக்கிடையே காற்று அசைவின்றித் தங்குகிறது. அசையாத காற்றினூடே வெப்பம் எளிதில் ஊடுருவாது. மண்சுவரும், தாழ்ந்த தாழ்வாரமும், நடுமுற்றம் கொண்ட நாற்சார் வீடும், காற்றை வடிகட்டி உள்ளே விடும் கிடுகு வேலியும் இந்த அறிவின் பயன்களே. கோவில் திருவிழாக்களுக்குக் குடும்பத்தோடு சென்ற கூடார வண்டிலும் ஒரு நகரும் வீடன்றோ? அதன் வளைகூரை தலைக்கு நிழல் தந்தது. திறந்த முன்வாயும் பின்வாயும் காற்றோட்டம் தந்தன. வெப்பத்தை அகற்ற அவ்வண்டிலில் இயந்திரம் இருக்கவில்லை. வெப்பத்தை உள்ளே விடாத அமைப்பு இருந்தது.

இன்றைய வண்டிக்கும் அதே முறை பொருந்தும். ஓலையின் இடத்தில் ரெஜிபோம் பலகையைப் பயன்படுத்தலாம். துவிச்சக்கர வண்டியின் பின்னே பெட்டி கட்டி மீன் விற்போர், கொளுத்தும் வெயிலிலும் பனிக்கட்டி உருகாது காப்பது இப்பொருளைக் கொண்டுதானே! கூரையிலும் சுவர்களிலும் இரண்டு அங்குலத் தடிப்புக்கு இதனைப் பதித்து, வெளிப்புறத்துக்கு வெண்ணிற மை பூசி, கூரைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு ஒரு படங்கு கட்டி, சவுக்கு மர நிழலிலே வண்டியை நிறுத்தினால், வெயிலின் பெரும்பகுதி வாசலிலேயே திரும்பிவிடும்.

ஈரத்தைப் பற்றியும் ஒரு சொல். 1902ஆம் ஆண்டு வில்லிஸ் கரியர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் முதன்முதலாக நவீன வளிச்சீராக்கியை வகுத்தபோது, மனிதரின் சுகத்தை எண்ணி அதனைச் செய்யவில்லை. நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதியில் இருந்த அச்சகம் ஒன்றிலே காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி நிறங்கள் பிசகின. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே அவர் நோக்கம். யாழ்ப்பாணத்துப் புழுக்கத்துக்கும் அதுவே மருந்து. தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் விசிறிகள் வறண்ட நாடுகளில் நன்கு உதவும். ஈரம் நிறைந்த கடற்கரையிலோ அவை புழுக்கத்தையே பெருக்கும். பெரிய இயந்திரம் சிறந்தது என்று எண்ணுவதும் தவறு. ஒரு தொன், அதாவது 12,000 அலகு கொண்ட இயந்திரம், சிற்றறையைச் சில நிமிடங்களிற் குளிர்வித்துவிட்டு, ஈரத்தைப் பிழியுமுன்னரே நின்றுவிடும். அறை குளிர்ந்தும் ஈரமாக, நிலவறை போல் இருக்கும். சிறிய இயந்திரம் நெடுநேரம் ஓடி ஈரத்தை நீராக்கி வடிக்கும். அந்நீர் பலகைக்குள் ஊறாமல் வெளியே சொட்ட, இயந்திரத்தைப் பின்புறமாகச் சற்றே சரித்து வைத்து, வடிகுழாய் ஒன்றும் பொருத்த வேண்டும்.

அதன் எடை ஏறத்தாழ 20 கிலோ. வண்டியின் பின்கோடியிலே அதனைத் தொங்கவிட்டால், ஓடும்போது வண்டி பக்கவாட்டில் ஆடும். அச்சுக்குச் சற்று முன்னே, சட்டகத்தின்மேல் அது அமர வேண்டும். துளையிடுவதற்காகச் சட்டகத்தை அறுத்தல் ஆகாது. உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரித்துவிடுமாதலால், கடற்கரையிலிருந்து திரும்பியதும் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு நன்னீரால் அவற்றைக் கழுவுதல் நலம். வண்டியைத் தெருவில் இழுக்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதிகளைக் கேட்டறிதலும் கடமையாகும்.

எல்லாவற்றிலும் முதன்மையானது மின்சாரம் வரும் வழி. இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. உலோக உடல் கொண்ட வண்டியில் ஒரு கம்பியின் உறை தேய்ந்தால், வண்டி முழுவதுமே உயிர்க்கொல்லியாகும். நிலத்தொடுப்பும், கசிவு கண்டவுடன் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சும் இன்றி இணைப்பே கொடுக்கலாகாது. உலர்ந்த மணலில் நட்ட கம்பி நல்ல நிலத்தொடுப்பன்று. இவ்வேலை தேர்ந்த மின்வினைஞரின் கைக்குரியது.

மின்கலத்தால் ஓட்டலாமே என்பாரும் உளர். நன்கு அமைத்த வண்டியில் இயந்திரம் பாதி நேரமே ஓடும் என்று கொண்டாலும், எட்டு மணி நேர உறக்கத்துக்கு ஏறத்தாழ 1.8 அலகு மின்சாரம் வேண்டும். 12 வோல்ற்று, 100 அம்பியர்-மணி கொண்ட ஈய மின்கலம் ஒன்றிலிருந்து பழுதின்றி எடுக்கக்கூடியது 0.6 அலகு. எனவே மூன்று மின்கலங்களுக்குக் குறைதல் ஆகாது. மின்மாற்றும் கருவியில் வீணாவதையும் சேர்த்தால் மூன்றும் போதா.

எஞ்சியிருப்பது பெற்றோல் மின்பிறப்பாக்கி. இங்கேதான் பேரபாயம் ஒளிந்திருக்கிறது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நன்றாக அடைத்த சிற்றறையில் உறங்குவோர் அதனை உணர்வதற்கு முன்னரே உணர்விழப்பர். குளிரைக் காக்க வண்டியை எவ்வளவு இறுக அடைக்கிறோமோ, அவ்வளவுக்கு இந்நச்சு உள்ளே தங்கும். மின்பிறப்பாக்கி வண்டிக்குள்ளோ, வண்டியின் அடியிலோ, காற்று வந்து தாக்கும் பக்கத்திலோ ஒருபோதும் இருத்தலாகாது. சோளகம் வீசும் காலத்தில் வடகீழ்ப் புறமாக, வெகு தொலைவில் இருக்கட்டும். நச்சுவாயுவை அறிந்து ஒலியெழுப்பும் சிறு கருவியும், மூடாத ஒரு காற்றுத் துவாரமும் உள்ளே இருக்கட்டும். பிள்ளைகளைப் படுக்கவைக்கும் அறை இது என்பதைச் செய்பவர் ஒவ்வோர் ஆணி அறையும்போதும் நினைக்க வேண்டும்.

மின்சாரத்தின் மதிப்பை அறியாதவரல்லர் குடாநாட்டு மக்கள். 1990ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் அவர்கள் மின்சாரமின்றி வாழ்ந்தனர். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோ தந்த சிறு மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட இல்லங்கள் பல. மீண்டும் 2022 மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு ஏற்பட்டது. மூன்று வாட்டு மின்சாரத்துக்காகச் சில்லைச் சுழற்றிய கைக்கு 450 வாட்டு எவ்வளவு பெரிது என்பது தெரியும்.

ஆகவே வண்டில் வீடு செய்ய விழைவோர் இயந்திரத்தைக் கடைசியில் வாங்குவார்களாக. முதலில் நிழல், அடுத்து வெண்கூரை, பின்னர் தடித்த சுவர், அதன்பின் கடற்காற்று நுழைய எதிரெதிரே இரு யன்னல்கள். இவ்வளவும் அமைந்த பின்னர், ஒரு சிறு விசிறியுடன் ஓர் இரவு உறங்கிப் பார்க்கட்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அதுவே போதும் என்று பலர் காணக்கூடும். போதாத புழுக்க இரவுகளுக்கு மட்டும் அச்சிறிய இயந்திரம் துணைக்கு வரட்டும். அப்போது அதன் வேலை இலகுவாகும், செலவு குறையும், உள்ளே உறங்கும் பிள்ளைகளும் நலமே விழித்தெழுவர்.