நோன்பு திறந்ததும் சிகரெட்டா?



நோன்பு நாளில் சஹர் முதல் மஃரிப் வரை சுமார் 13 மணி நேரம் நம் சகோதரர்கள் சிகரெட்டைத் தொடுவதில்லை. பேரீச்சம்பழமும் கஞ்சியும் முடிந்த கையோடு சிலர் தெருமுனையில் நின்று பற்றவைத்துவிடுகிறார்கள்.

சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் நச்சு வாயு. புகைப்பதை நிறுத்திய சுமார் 12 மணி நேரத்தில் அதன் அளவு இயல்பு நிலைக்கு இறங்கிவிடும். நோன்பு சுத்தப்படுத்திய அந்த ரத்தத்தில் முதல் இழுப்பிலேயே மறுபடி நஞ்சைக் கலக்கலாமா?

அந்தப் புகையில் 7000க்கும் அதிகமான ரசாயனங்கள் உள்ளன. ஏறக்குறைய 70 புற்றுநோயை உண்டாக்குபவை. நுரையீரல், தொண்டை மட்டுமல்ல, இதயக் குழாய், சிறுநீர்ப்பை வரை அவை கெடுக்கும். வீட்டில் புகைத்தால் மனைவி மக்களும் அதையே சுவாசிக்கிறார்கள்.

ஓராண்டு விட்டிருந்தால், புகையால் கூடிய இதய நோய் அபாயம் பாதியாகக் குறையும். பகல் முழுதும் பொறுத்தவருக்கு இரவில் தூக்கம் போக மிஞ்சும் சில மணி நேரம்தானா முடியாது? துணை வேண்டுவோர் 1800 11 2356 என்ற அரசின் இலவச எண்ணில் பேசலாம்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். இந்த ரமலானிலேயே விட்டுவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.