பெட்ரோலை அளக்கும் அழுத்தம்



ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. இன்றைய மோட்டார் எஞ்சின் அம்மொழியை ஒவ்வொரு கணமும் கடைப்பிடித்து ஓடுகிறது. ஏறக்குறைய 14.7 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ பெட்ரோல் என்பது அதன் கணக்கு. இக்கணக்கு எவ்வாறு காக்கப்படுகிறது, எதனால் பிழைபடுகிறது, அதனைத் திருத்தும் முறை யாது என்பவற்றை இன்று காண்போம்.

முன்னாளில் இவ்வேலையைக் கார்புரேட்டர் செய்துவந்தது. காற்றின் ஓட்டமே அதில் பெட்ரோலை உறிஞ்சி எடுத்தது. 1967-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம், மின்னணுவியல் முறையில் பெட்ரோலைப் பீச்சும் அமைப்பை வோக்ஸ்வாகன் 1600 வண்டியில் பொருத்தி விற்பனைக்குக் கொணர்ந்தது. நம் நாட்டில், தில்லித் தலைநகர் வட்டாரத்தில் விற்கப்படும் புதிய கார்களின் புகைக்குக் கடுமையான வரம்பு விதித்து உச்சநீதிமன்றம் 1999-இல் ஆணையிட்டது. அதன் பின்னர்க் கார்புரேட்டர் படிப்படியாக விடைபெற, இன்ஜெக்டர் என்னும் பீச்சுகுழல் அதன் இடத்தைப் பெற்றது.

இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சிறு குழாய். ஒருமுறை அது திறந்திருப்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே. எவ்வளவு நேரம் திறப்பது என்பதைக் கணிப்பொறி முடிவு செய்கிறது. ஆனால் எவ்வளவு பெட்ரோல் வெளிவந்தது என்பதைப் பல வண்டிகளில் அக்கணிப்பொறி நேரே அளப்பதில்லை. குழாய்க்குப் பின்னே உள்ள அழுத்தம் குறித்த அளவில் நிற்கிறது என்று நம்பியே அது கணக்கிடுகிறது. மேல்மாடித் தொட்டியில் நீர்மட்டம் தாழ்ந்தால், அதே குழாயை அதே நேரம் திறந்தும் குடம் நிறையாதன்றோ? அதுபோலவே இங்கும். அழுத்தம் மாறினால், அடி நெளிந்த படியால் அரிசி அளந்த கதையாகிவிடும்.

அழுத்தம் ஏறும் அதே விகிதத்தில் பெட்ரோல் கூடுவதில்லை என்பதையும் அறிதல் நன்று. அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே அது கூடும். 3 பார் அழுத்தத்தை 4 பார் ஆக்கினால், அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது. பெட்ரோலோ ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்தே கூடுகிறது.

இவ்வழுத்தத்தைக் காப்பது ரெகுலேட்டர் என்னும் சீராக்கி. அதனுள் ஒரு சவ்வும் அதனை அழுத்தும் சுருள்வில்லும் உண்டு. அளவுக்கு மிஞ்சிய பெட்ரோல் சவ்வைத் தள்ளிக்கொண்டு தொட்டிக்குத் திரும்பிவிடும். பழைய அமைப்புகளில், எஞ்சினுக்குக் காற்று செல்லும் குழலிலிருந்து ஒரு சிறு ரப்பர்க் குழாய் இச்சீராக்கிக்கு வரும். எஞ்சின் சும்மா ஓடுகையில் அக்குழலில் காற்றழுத்தம் குறையும். அதற்கேற்பப் பெட்ரோலின் அழுத்தமும் தானே தாழும். புதிய கார்கள் பலவற்றில் சீராக்கி தொட்டிக்குள்ளேயே நிலையான அளவில் அமைந்திருக்கிறது. அங்குத் திருகுவதற்கு ஆணியே இல்லை.

இனிச் சோதிக்கும் முறை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். அருகில் நெருப்பு ஆகாது. தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். பெட்ரோல் பம்பின் ஃபியூசை எடுத்துவிட்டு எஞ்சினை ஓட்டினால், குழாயில் எஞ்சிய பெட்ரோல் தீர்ந்து அது தானே நின்றுவிடும். பிறகே அழுத்தமானியைப் பொருத்த வேண்டும். ஃபியூசை மீண்டும் இட்டு, கசிவு இல்லை என்று கண்டபின் எஞ்சினை ஓட்டுக. சீராக்கியின் ரப்பர்க் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்தால், 3 பார் அமைப்பில் முள் 3 பாரைக் காட்ட வேண்டும். குழாயை மாட்டியதும் அது ஏறக்குறைய அரை பார் இறங்க வேண்டும். கழற்றிய குழாயில் பெட்ரோல் ஈரம் தென்பட்டால் சவ்வு கிழிந்துவிட்டது என்று பொருள். அதற்கு மருந்து திருகுவதன்று, மாற்றுவதே.

அழுத்தம் குறைந்திருப்பின், முதலில் வடிகட்டியையும் பம்பையும் பம்புக்கு வரும் மின்சாரத்தையும் ஆராய்க. மிகுந்திருப்பின், தொட்டிக்குத் திரும்பும் வழி அடைபட்டுள்ளதா எனப் பார்க்க. இவை யாவும் செவ்வனே இருந்து, சீராக்கியிலும் திருகாணி அமைந்திருந்தால் மட்டுமே, பூட்டு நட்டைத் தளர்த்தி, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, முள்ளைப் பார்த்து, மீண்டும் இறுக்குக. கொள்ள வேண்டிய அளவு அவ்வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே. பக்கத்து வண்டியின் எண்ணன்று.

அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும் என்று சிலர் கருதுகின்றனர். அது பிழையான எண்ணம். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணர்வி மிகுதியைக் கண்டு சொல்ல, கணிப்பொறி திறக்கும் நேரத்தைக் குறைத்துவிடும். முழு விசையில் ஓட்டும்போது பெரும்பாலான வண்டிகளில் அத்திருத்தம் நடைபெறாது. அப்போது மிகுதிப் பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவி, புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கியையும் கெடுக்கும். குறைந்த அழுத்தமோ அதனினும் கொடிது. விடுமுறையில் குடும்பத்துடன் சொந்த ஊர் நோக்கிக் கோடை வெயிலில் நெடுஞ்சாலையில் விரையும்போது, பெட்ரோல் குன்றிய கலவை எஞ்சினைத் தட்டவைத்துப் பிஸ்டனையே பழுதாக்கிவிடலாம். தொட்டி வறளும்வரை ஓட்டும் வழக்கத்தையும் விடுக; தொட்டிக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது அப்பெட்ரோலே.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்குப் பட்டறையின் மொழி சில வேளைகளில் பிடிபடாமல் போகலாம். ஆனால் அழுத்தமானியின் எண் எம்மொழியினர்க்கும் ஒன்றே. திருகுமுன் எவ்வளவு, திருகியபின் எவ்வளவு, கையேட்டில் எவ்வளவு என்னும் மூன்று எண்களைக் கேட்டுப் பெறுங்கள். அளக்காமல் திருகுபவரிடம் வண்டியை ஒப்படைக்க வேண்டாம்.