இழுத்தும் கிளம்பாத சங்கிலி வாள்



தோட்டங்களில் பழைய ரப்பர் மரங்களைச் சாய்க்கும் பருவம் வந்துவிட்டால், லயத்துக் கூரைகளுக்கு மேலாக ஓர் இரைச்சல் காலை முதல் மாலை வரை கேட்டுக்கொண்டே இருக்கும். அது சங்கிலி வாளின் சத்தம். 'செயின்சா' என்று சொன்னால்தான் நம்மில் பலருக்கு விளங்கும். அந்த இரைச்சலுக்குப் பதிலாக, ஒரு வீட்டின் பின்புறத்திலிருந்து கயிற்றை இழுக்கும் 'சர்ர், சர்ர்' என்ற ஓசை மட்டுமே அரைமணி நேரமாக வருகிறதென்றால், அங்கே ஒருவருடைய அன்றைய கூலி போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மரம் அறுக்கும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் ஒருவர் அப்படித்தான் ஒரு சனிக்கிழமை எங்களிடம் வந்தார். ஓராண்டுக்கு மேல் மூலையில் கிடந்த பழைய வாள் அவர் கையில் இருந்தது. "வாத்தியாரே, கார்புரேட்டர் போச்சுன்னு சொல்றாங்க. புதுசு வாங்கச் சொல்றாங்க. அதுக்கு நான் எங்கே போவேன்? கொஞ்சம் பாருங்க" என்றார். வருவதற்கு முன்பே கண்ணில் பட்ட திருகாணிகளையெல்லாம் அவர் முறுக்கிப் பார்த்துவிட்டார். நாமெல்லாரும் செய்கிற தவறுதான் அது.

இயந்திரம் ஓடுவதற்கு வேண்டியவை மூன்றே. காற்றோடு சரியான அளவில் கலந்த பெட்ரோல், அந்தக் கலவையை நெருக்குகிற அழுத்தம், வேளை தவறாமல் விழுகிற தீப்பொறி. இவற்றில் எது இல்லை என்று கண்டுபிடிக்கும் வரையில் எந்தத் திருகாணியையும் தொடக்கூடாது.

முதலில் வாளை அடுப்பு, விளக்கு எதுவும் இல்லாத வெளியிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சங்கிலியையும் அதைத் தாங்கும் பட்டையையும் கழற்றி வைத்துவிட வேண்டும். தொட்டியில் கிடக்கும் பழைய பெட்ரோலைக் கொட்டி ஒதுக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட கலவையை நாங்கள் நம்புவதில்லை. ஓராண்டு கிடந்த பெட்ரோல் வண்ணப்பூச்சைப் போல நாறும், பிசினாகவும் படிந்துவிடும்.

அழுத்தத்தைப் பார்க்க எளிய வழி உண்டு. பிளக் பூட்டியிருக்கும்போது, தரைக்கு அருகில், கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து வாளைத் தூக்க வேண்டும். வாள் மெல்ல மெல்ல இறங்கினால் அழுத்தம் இருக்கிறது. பொத்தென்று இறங்கினால் பிஸ்டனோ அதன் வளையமோ தேய்ந்திருக்கலாம்; அது பட்டறைக்குப் போக வேண்டிய வேலை. நண்பரின் வாள் மெல்லவே இறங்கியது. அதில் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்தது பிளக். பலமுறை இழுத்த பிறகு அதைக் கழற்றினால், அது நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் பெட்ரோல் மிஞ்சிவிட்டது. பெரும்பாலும் சோக்கை முழுதும் இழுத்துவிட்டு விடாமல் கயிற்றை இழுத்ததுதான் காரணம். விசையை அணைத்து, பிளக் இல்லாமலே பத்துமுறை இழுத்தால் மிஞ்சியது வெளியேறிவிடும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவே இல்லை.

இவருடைய பிளக் காய்ந்திருந்தது. பொறியும் வரவில்லை. பொறியைப் பார்க்க, விசையைத் திறந்து, பிளக்கைக் கம்பியோடு சேர்த்து, அதன் மரையை இயந்திரத்தின் உலோகத்தில் தொடும்படி வைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். இங்கேதான் பிழை செய்தோம். பிளக் துளைக்கு அருகிலேயே வைத்து இழுத்தோம். முதல் நாலைந்து முறை ஒன்றும் இல்லை. பிறகு எப்படியோ ஒரே ஒரு பொறி விழுந்தது. துளையிலிருந்து வந்த ஆவி 'பக்' கென்று பற்றியது. கை முடி கருகியதோடு போயிற்று. பழைய பிளக் ஒன்றால் துளையை அடைத்துவிட்டு, பொறியைத் தள்ளி வைத்துப் பார்ப்பதே முறை. பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க விடக்கூடாது.

புதுப் பிளக்கும் வாங்கிப் போட்டோம். இடைவெளி அரை மில்லிமீட்டர் வைத்தோம். அப்போதும் பொறி நிலையாக வரவில்லை. பிளக்குக்குக் கொடுத்த காசு வீண். உண்மையில், வாளை நிறுத்துகிற விசையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி போகிறது. அது உலோகத்தைத் தொட்டால் பொறி நின்றுவிடும். வாள் நிற்பதே அப்படித்தான். அந்தக் கம்பியின் மேலுறை தேய்ந்து, உடம்பைத் தொட்டும் தொடாமலும் கிடந்தது. ஆகவே விசை திறந்திருந்தும் வாள் 'அணைந்தே' இருந்தது. கறுப்பு நாடா ஒரு முழம் சுற்றியதும் நீலப்பொறி பளிச்சென்று விழுந்தது.

இனிப் பெட்ரோல். கார்புரேட்டர் வாயில் புதுக் கலவையைச் சில துளிகள் விட்டு இழுத்தால், இரண்டு மூன்று விநாடி ஓடி நின்றுவிடும். அப்படி நின்றால் குறை பெட்ரோல் வரும் வழியில்தான். இந்தச் சோதனைக்கு மட்டும் சங்கிலி, பட்டை, மூடி எல்லாவற்றையும் மீண்டும் பூட்டியே ஆகவேண்டும். மூடியில்லாமல் ஓடவிட்டால் கிளட்சு கழன்று பறக்கலாம்.

நண்பரின் வாள் அப்படியே இரண்டு விநாடி ஓடி நின்றது. தொட்டிக்குள்ளிருந்த சிறு வடிகட்டியைக் கம்பிக் கொக்கியால் வெளியே எடுத்தோம். பிசின் பிடித்துக் கிடந்தது. ஆனால் முக்கியமான குறை கார்புரேட்டருக்குள். கப்சாய் மோட்டார் சைக்கிளில் மிதவை ஒன்று பெட்ரோலின் மட்டத்தைக் காக்கும். வாளையோ பக்கவாட்டிலும் தலைகீழாகவும் பிடிக்கிறோம். மிதவை அங்கே உதவாது. அதனால் இரண்டு மெல்லிய சவ்வுகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று பெட்ரோலை உறிஞ்சித் தரும். மற்றொன்று வேண்டிய அளவுக்கு ஊசி வாயிலைத் திறந்து மூடும். அவை இளகி அசைந்தால்தான் வேலை நடக்கும். இவருடைய சவ்வுகள் காய்ந்த பலாக்கொட்டைத் தோல்போல விறைத்திருந்தன.

புதுக் கார்புரேட்டர் தேவையே இல்லை. சவ்வும் அட்டைகளும் கொண்ட பொட்டலம் தனியாக விற்கிறார்கள். விலை மிகக் குறைவு. கழற்றும்போது ஒவ்வொன்றையும் வரிசையாகச் செய்தித்தாள்மேல் அடுக்க வேண்டும். எது முன், எது பின் என்பது மாறினால் மறுபடியும் கிளம்பாது. உள்ளே இருக்கும் சிறு வலையைப் பெட்ரோலில் கழுவலாம். துளைகளில் ஊசி விட்டுக் குத்தக்கூடாது.

நண்பர் முறுக்கிய இரண்டு திருகாணிகளையும் மெதுவாக உள்ளே முட்டும் வரை திருகி, ஒரு சுற்று வெளியே எடுத்தோம். இது தொடக்க நிலைதான். கையேடு இருந்தால் அதில் உள்ளதே கணக்கு. பெட்ரோல் குறைந்த கலவையில் வேகமாக ஓடினால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். வாள் கிளம்பாதது சிறு நட்டம், இது பெருநட்டம். எண்ணெய்க் கலப்பும் அப்படித்தான். 50-க்கு 1 என்றால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. 25-க்கு 1 கேட்கிற பழைய வாளானால் 200 மில்லி. இரட்டை வீச்சு இயந்திரத்துக்குரிய எண்ணெயாகவே இருக்க வேண்டும். கப்சாயின் இயந்திர எண்ணெய் இதற்கு ஆகாது.

தரையில் வைத்து, பின்கைப்பிடியைக் காலால் மிதித்து, முன்கைப்பிடியை இடக்கையால் அழுத்தி இழுத்தார். பழைய வாள்கள் சிலவற்றில் சங்கிலித் தடையே இருக்காது, இதிலும் இல்லை. முதல் 'டுப்' சத்தம் வந்ததும் சோக்கைத் தள்ளச் சொன்னோம். நாலாவது இழுப்பில் வாள் உறுமியது. நண்பர் உடனே எடுத்துக்கொண்டு புறப்படப் பார்த்தார். விசையை விட்ட பிறகும் சங்கிலி மெல்ல நகர்வதைக் காட்டி, அவரை நிறுத்தினோம். மெதுவோட்டத் திருகாணியைக் குறைத்து, சங்கிலி அசையாமல் நின்ற பிறகுதான் வாளை அவர் கையில் கொடுத்தோம்.