அம்மாவின் மாதுளை

காலமான எங்கள் அம்மாவின் மெல்பேர்ண் வீடு வரும் செப்டெம்பரில் கைமாறுகிறது. வாங்கியவர்கள் பின்வளவில் அறை கட்டப் போகிறார்களாம்; அம்மா நட்ட மாதுளை இனி நிற்காது.

விதை போட்டால் அதே பழம் வருமென்ற உறுதியில்லை. தடியில் வளர்வது அதே மரம். ஊரில் முருங்கைத் தடி ஊன்றிய எங்களுக்கு இது புதிதா என்ன? (கறுத்தக்கொழும்பானுக்கு இது சரிவராது, ஒட்டத்தான் வேண்டும்.)

இலை உதிர்ந்திருந்த யூலையில் பென்சில் பருமனான தடிகளை ஒரு சாண் நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டினேன். தலைகீழாகாமல் பார்த்து, மணல் கலந்த மண்ணில் மூன்றில் இரண்டு பங்கு புதைத்தேன். ஈரம் போதும், தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். துளிர் கண்டவுடன் இழுத்துப் பார்க்காதீர்கள், வேர் பிந்தியும் வரலாம்.

நாங்கள் 4 சகோதரங்கள். 12 தடிகள் ஊன்றியிருக்கிறேன்.