கைமாறும் நேரம்



இச்சொற்பொழிவை ஏற்படுத்திய அறக்கட்டளை யாருடைய நினைவாக எழுந்ததோ அந்த அம்மையாரை நான் கண்டதில்லை. மூன்றாவது பிரசவத்தில், பிள்ளை பிறந்தும் நஞ்சுக்கொடி விழாமல், மாட்டுவண்டியில் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கும், அங்கே டாக்டர் இல்லாமையால் ஒரு வாடகைக் காரில் ஜில்லாத் தலைநகருக்குமாகக் கொண்டு செல்லப்பட்டு, வழியிலேயே அவர் உயிர் நீத்தார் என்பது அவருடைய மூத்த மகனார் எனக்குச் சொன்ன செய்தி. அவர் சொன்னவற்றுள் ஒரு வாக்கியம் என் மனத்தைவிட்டு இன்றளவும் அகலவில்லை. "அம்மா எந்த ஊரில் இறந்தாள் என்றே எங்களுக்குத் தெரியாது" என்றார் அவர். இரண்டு ஊர்களிலும் ஆஸ்பத்திரி இருந்தது. அந்த மரணம் இரண்டு ஊர்க் கணக்கிலும் ஏறவில்லை. இன்றைய சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கிறது.

பிரசவ காலத்து அபாயங்களுக்கென்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கால அளவு உண்டு. இவ்வித நோய்களில் ஒரு தாய் சிகிச்சையின்றி எவ்வளவு நேரம் தாங்குவாள் என்று டெபோரா மெய்ன் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு சராசரி மதிப்பீடு தந்தார். கருப்பை கிழிந்தால் ஒரு நாள், பேறுகால வலிப்பானால் இரண்டு நாள், பிள்ளை இறங்க வழியின்றித் தடைப்பட்ட பிரசவமானால் மூன்று நாள், கிருமி தொற்றினால் ஆறு நாள். பிள்ளை பிறந்த பின் நில்லாமல் போகும் உதிரத்துக்கோ இரண்டே மணி நேரம். அவரும் செரீன் தாடியஸும் 1994-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: வீட்டை விட்டுப் புறப்படத் தீர்மானிப்பதில் தாமதம், மருத்துவமனையை அடைவதில் தாமதம், அடைந்த பின் உரிய சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இந்தப் பகுப்பு உலகெங்கும் பாடமாயிற்று. ஆயினும் நான் மருத்துவராகப் பணியாற்றிய காலத்தில் கண்ட துயரங்களில் பல, மூன்று தாமதங்களும் ஒருமுறை நிகழ்ந்து முடிந்து, பிறகு முதல் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குமாகத் திரும்பத் திரும்ப நிகழ்ந்தவை என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நம் நாட்டில் திறமைக்குக் குறைவிருந்ததில்லை. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை தோன்றியது 1844-ல். 1885-ல் கோஷா ஆஸ்பத்திரி ஏற்பட்டு, பெண் மருத்துவரே பெண்களுக்கு வைத்தியம் பார்க்கும் நிலை சென்னையில் உண்டாயிற்று. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான், 1890-களில், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இல்லத்தார் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் தம் மனைவியரைக் காக்க ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணை அழைத்ததும், மருத்துவரான அவர் தந்தையை ஆண்மகன் என்று மறுத்ததும், விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டதும் நடந்தன. அந்த இரவு அவரை மருத்துவராக்கியது. வேலூரில் ஒரு மருத்துவமனையைத் தோற்றுவித்தது. அந்தச் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்றும் தோன்றும். பெண் மருத்துவர் சென்னையில் இருந்தார். பெண் திண்டிவனத்தில் இருந்தாள். இருவரையும் சேர்த்து வைக்க ஒரு ஏற்பாடு இல்லை.

அந்த ஏற்பாட்டைத் தமிழ்நாடு சென்ற கால் நூற்றாண்டில் பெரும்பாலும் அமைத்துக்கொண்டது என்பதைப் பெருமிதத்துடன் சொல்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறை வைத்து இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கலாயினர். அடுத்த படியாக, தேர்ந்தெடுத்த வட்ட, மாவட்ட மருத்துவமனைகளில் மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், குழந்தை மருத்துவர், இரத்த வங்கி ஆகிய நான்கும் இரவு பகல் எந்நேரமும் ஒருங்கே கிடைக்கும்படியான நிலையங்கள் 2004-ஐ ஒட்டித் தொடங்கின. மருத்துவமனை வாயில்களில் இவற்றைச் சீமாங் மையம் என்று வழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். 2008 செப்டம்பரில் 108 ஊர்தி வந்தது. ஐந்து லட்சம் மக்களுக்கு ஐந்து அவசரப் பிரசவ நிலையங்களும், அவற்றுள் ஒன்றேனும் அறுவை சிகிச்சையும் இரத்தமும் தரவல்லதாகவும் வேண்டும் என்பது உலக அளவில் வகுத்த கணக்கு. அக்கணக்கைத் தாளிலிருந்து தரைக்குக் கொண்டுவந்த மாநிலங்களில் நம்முடையது முன்வரிசையில் நிற்கிறது. 2001-03-ல் லட்சம் பிறப்புகளுக்கு 134 தாய்மாரை இழந்த தமிழ்நாடு, 2018-20-ல் 54 பேரை இழந்தது. இதே காலத்தில் இந்தியா முழுமைக்குமான எண் 301-லிருந்து 97-க்கு இறங்கியது. அதே 2018-20-ல் கேரளம் 19 என்ற எண்ணை எட்டியிருந்ததை நினைத்தால் நாம் ஓய்ந்திருக்க நியாயமில்லை. எனினும் வந்த தூரம் சிறிதன்று.

நிலையங்கள் அமைந்துவிட்டன, அவற்றினிடையே செல்ல ஊர்தியும் உண்டு. அப்படியிருந்தும் எங்கே தவறுகிறோம்? இதற்குப் பதிலாக, என் அனுபவத்தில் என்னை மிகவும் வருத்திய ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

ஒரு தை மாதத்துப் பின்மாலையில், பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி, தலைச்சன் கர்ப்பம், எட்டாம் மாதம், வீட்டில் இரண்டு முறை வலிப்பு வந்து, நாங்கள் பணியிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். முதலில் ஒரு சிறிய நிலையத்துக்கும், பிறகு ஒரு நடுத்தர ஆஸ்பத்திரிக்கும் போய், மூன்றாவதாக எங்களிடம் வந்தாள். உடன் வந்த தாளில் இருந்தது ஒரே வரி: "பேறுகால வலிப்பு, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது." கணவனைக் கேட்டேன். "ஊசி போட்டாங்க டாக்டரம்மா, என்ன ஊசின்னு தெரியல" என்றான். பேறுகால வலிப்புக்கு உரிய மருந்து மக்னீசியம் சல்பேட். 1995-ல் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஆய்வு ஐயத்துக்கிடமின்றி அதை நிலைநாட்டிற்று. முதல் வேளையில் நரம்பு வழியே நான்கு கிராம், இரு பிட்டங்களிலும் ஐந்தைந்து கிராம். அம்மருந்து ஏற்கெனவே உள்ளே சென்றிருந்து, நாங்கள் மறுபடியும் முழு அளவைக் கொடுத்தால் மூச்சு அடங்கக்கூடும்; செல்லாமலிருந்து, கொடுக்கத் தயங்கினால் அடுத்த வலிப்பு வரும். முழங்காலைத் தட்டிப் பார்த்தோம், மூச்சை எண்ணினோம், சிறுநீரை அளந்தோம். முந்தின ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி செய்தோம். அங்கே ஷிப்ட் மாறிவிட்டிருந்தது, தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நாற்பது நிமிஷம் இவ்வாறு கழிந்தது. அதற்குள் மூன்றாவது வலிப்பு வந்தது. தாய் பிழைத்தாள்; வயிற்றிலிருந்த குழந்தையை எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

பின்னால் விசாரித்தபோது, மருந்து கொடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. முதல் நிலையத்தில் இருந்த செவிலி, டாக்டர் வரும்வரை காத்திராமல், சரியான மருந்தின் ஊசிப் பகுதியைச் சரியான இடத்தில் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறாள். அவளை நான் எத்தனை போற்றினாலும் தகும். ஆனால் அவள் எழுதிய சீட்டு நடுவிலிருந்த ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டது. அங்கிருந்து புதிய சீட்டு, புதிய ஒற்றை வரி. செய்தது முறையாகச் செய்யப்பட்டும், சொல்லப்படாமையால் வீணாயிற்று.

"மேல்சிகிச்சை" என்ற சொல்லைப் பற்றி அன்றிலிருந்து எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்தச் சொல் மருத்துவத்தை ஒரு மாடிப்படியாகக் காட்டுகிறது. கீழ்ப்படியில் நிற்பவர், தம் கடமை முடிந்ததென்று நோயாளியை மேல்படிக்கு ஏற்றிவிட்டுத் திரும்பிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. நிறைகுடத்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கும்போது, வாங்குபவரின் பிடி உறுதியான பிறகே கொடுப்பவர் கையை எடுப்பார் அல்லவா? நிலையங்களிடையே வேண்டிய இணைப்பு என்று நான் சொல்வது அதைத்தான்.

அந்த இணைப்பு சிறுசிறு காரியங்களால் ஆனது. ஊர்தி புறப்படுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு. கொடுத்த மருந்து, கொடுத்த அளவு, கொடுத்த நேரம் மூன்றும் எழுதிய சீட்டு, அது கடைசி நிலையம்வரை தாயோடு செல்லுதல். தாயின் இரத்தப் பிரிவைச் சொல்லிவிடுதல். இக்கடைசிச் செய்தி எவ்வளவு பெரியது என்பது இரத்த வங்கியில் நின்றவர்களுக்குத் தெரியும். கொடையாளியின் இரத்தத்தைத் தாயின் இரத்தத்தோடு ஒப்பிட்டுப் பொருத்தம் காண முக்கால் மணி நேரம் ஆகலாம். இரண்டு மணி நேரமே கொண்ட ஒரு பெண்ணுக்கு அது எத்தனை பங்கு! முன்னரே செய்தி வந்தால், அவள் பிரிவுக்குரிய இரத்தம் எடுத்து வைக்கப்பட்டிருக்கும், அறுவை அரங்கில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். வராவிட்டால், "ரத்தத்துக்கு ஏற்பாடு பண்ணுங்க" என்று சொல்லப்பட்ட கணவன் தெரியாத ஊரில் தெருவில் ஓடிக்கொண்டிருப்பான்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். உதிரப்போக்கில் அதிர்ச்சியுற்ற தாய்க்குக் கணுக்கால் முதல் வயிறு வரை இறுகச் சுற்றும் ஒருவகை அதிர்ச்சி தடுப்பு உடை நமக்குக் கிடைத்திருக்கிறது. கால்களில் தேங்கும் இரத்தத்தை இருதயத்துக்கும் மூளைக்கும் திருப்பி, பிரயாண நேரத்தைத் தாண்டவைக்கும் அரிய சாதனம் அது. ஆனால் அதைக் கழற்றுவதற்கு ஒரு கிரமம் உண்டு. தாய் தேறிய பிறகே, கணுக்காலில் தொடங்கி, ஒவ்வொரு பட்டைக்கும் இடைவெளி விட்டு, இரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கழற்ற வேண்டும். வந்தவுடன் பரிசோதிக்கும் அவசரத்தில் வயிற்றுப் பட்டையை முதலில் அவிழ்த்தால், அழுத்தம் சரேலென்று வீழ்ந்துவிடும். அனுப்புகிற இடத்தில் மட்டும் பயிற்சி அளித்து, வாங்குகிற இடத்தில் அளிக்காதிருந்தால் அந்த உடையே ஆபத்தாகும்.

இனிக் குழந்தை. தாயைப் பற்றிப் பேசும்போது, அவளோடு பிரயாணம் செய்யும் இரண்டாவது ஜீவனை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். குறைமாதத்தில் வலி கண்டால், பிறந்த பிறகு சிசுவை அனுப்புவதைவிட, இயலுமானால் பிறக்குமுன் தாயோடு அனுப்புவதே உத்தமம்; கருப்பையைவிடக் கதகதப்பான ஊர்தி உலகில் இல்லை. புறப்படுமுன் தாய்க்கு ஒரு டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிரத் தொடங்குகிறது. இவ்வகை மருந்தின் பலனை நியூஸிலாந்தில் லிக்கின்ஸும் ஹோவியும் 1972-லேயே வெளியிட்டார்கள். பிறந்துவிட்ட சிசுவை அனுப்ப நேர்ந்தாலோ, 108 சேவையில் பச்சிளங் குழந்தைகளுக்கென்றே தனி ஊர்திகள் உண்டு. அவை எட்டாத இடத்தில், கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரே என்ற மருத்துவர் 1970-களின் இறுதியில் காட்டிய வழியில், மார்போடு மார்பாகத் தோல் பட அணைத்துச் செல்லலாம். பாட்டியும் அணைக்கலாம், தகப்பனும் அணைக்கலாம். ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் துணிச்சுருளில் சில்லிட்டுப்போன சிசுக்களை வாங்கிய கைகள் என்னுடையவை. தாய் ஓர் ஆஸ்பத்திரியிலும் பிள்ளை இன்னோர் ஆஸ்பத்திரியிலுமாகப் பிரிந்து கிடக்க, கையில் கட்டிய சீட்டில் தாயின் பெயரையே தன் பெயராகக் கொண்டு, அவள் பால் வந்து சேராமல் நாட்களைக் கழிக்கும் குழந்தைகளையும் கண்டிருக்கிறேன். தாயையும் சேர்த்து அனுப்ப ஒரு படுக்கை தேடுவது அத்தனை கடினமா?

மரணங்களை ஆராயும் வழக்கத்தைப் பற்றிச் சிறிது. இங்கிலாந்து 1952 முதல் தன் பிரசவ மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து வருகிறது. கேரளத்து மகப்பேறு மருத்துவர் சங்கம் 2004 முதல் அவ்வாறு செய்கிறது. தமிழ்நாடு 1990-களிலேயே தொடங்கிவிட்டது. நம் முறையில், இறந்த பெண்ணின் உறவினரை மாவட்ட ஆட்சித்தலைவர் முன்னிலையில் அழைத்து, நடந்ததை அவர்கள் வாயாலேயே கேட்கிறோம். எந்த ஊரில் எத்தனை மணிக்கு ஊர்தி ஏறினார்கள், எங்கே காக்க வைக்கப்பட்டார்கள் என்பது அங்கேதான் வெளிப்படும். இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு நடுவே நடந்தது எந்தக் கேஸ் ஷீட்டிலும் இராது. ஆனால் அந்த அவை தண்டிக்கும் மன்றமாகிவிடக் கூடாது. தண்டனைக்கு அஞ்சிய சிறு நிலையம், தன்னால் பார்க்கக்கூடிய பிரசவத்தையும் அனுப்பிவிடும். பெரிய நிலையத்தில் தரையிலும் பாய் விரிக்க நேரும். உண்மையான அபாயத்தோடு வந்தவள் அந்தக் கூட்டத்தில் கவனிப்பாரின்றிக் கிடப்பாள். ஜவ்வாது மலை போன்ற இடங்களிலிருந்து, நாள் நெருங்கிய தாய்மாரை முன்கூட்டியே வரவழைத்துத் தங்கவைக்கும் பிரசவக் காத்திருப்பு அறைகளைப் பார்க்கும்போது, அச்சத்தால் அனுப்புவதற்கும் முன்யோசனையால் அழைப்பதற்கும் உள்ள வேறுபாடு எனக்குத் துலக்கமாகிறது.

அந்தத் தை மாதத்துக்குப் பிறகு நான் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டேன். எங்களிடம் வந்த ஒவ்வொரு தாயைப் பற்றியும், அவளை முதலில் அனுப்பிய செவிலிக்கு நான்கு வரி எழுதியனுப்புவேன்: வந்த நேரம், கண்ட நிலை, செய்த சிகிச்சை, தாயும் சேயும் வீடு திரும்பிய நாள், திரும்பாவிட்டால் அதையும். முதல் ஆண்டு ஒரு பதிலும் வரவில்லை. இரண்டாம் ஆண்டில் ஒரு நள்ளிரவு, தொலைவிலுள்ள ஒரு துணை சுகாதார நிலையத்திலிருந்து ஒரு கிராம சுகாதாரச் செவிலி தாமே என்னை அழைத்தார். "டாக்டரம்மா, ஒரு பொண்ணை ஏத்தி விட்டிருக்கேன், நஞ்சு விழலை. பிரிவு ஓ நெகட்டிவ். ஆக்ஸிடோசின் போட்டது பதினொன்னு அம்பதுக்கு. முக்கால் மணியில வந்துருவாங்க. நான் போனைக் கீழ வைக்கலை, நீங்க சொல்லுங்க" என்றார். ஊர்தி எங்கள் வாயிலில் வந்து நின்று, நான் அந்தப் பெண்ணின் நாடியைப் பிடித்துப் பார்த்து, "வந்துட்டாங்கம்மா" என்று சொல்லும்வரை அவர் தொடர்பில் இருந்தார்.