பழைய லொறி வாங்குமுன்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருவீதி மாத்தளை மாவட்டத்தை நெடுக ஊடறுத்துச் செல்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் வந்திறங்கிய தொழிலாளர்கள், காட்டு வழியே கால்நடையாக வந்து, மலைநாட்டின் வாயிலாகக் கண்ட ஊர் மாத்தளை. அக்காலத்து விளைபொருள்கள் முதலில் மாட்டு வண்டியிலும், 1880ஆம் ஆண்டில் மாத்தளைக்கு இருப்புப் பாதை வந்த பின்னர் புகையிரதத்திலும் கொழும்புக்குப் போயின. இன்றோ மாத்தளையின் மிளகும் கராம்பும் சாதிக்காயும், 1999இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் மரக்கறிகளும், தோட்டக் கடைகளுக்குச் செல்லும் அரிசியும் மாவும் சவர்க்காரமும் பெரும்பாலும் லொறியையே நம்பியிருக்கின்றன.

ஆகவே, சொந்தமாக ஒரு லொறி வைத்துச் சாமான் ஏற்றி இறக்கிப் பிழைக்கலாம் என்று எண்ணும் இளைஞர்கள் நம்மிடையே பலர் உளர். புதிய லொறி அவர்கள் கைக்கு எட்டுவதில்லை. 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் பொருள் ஏற்றும் வாகனங்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை ஏறிற்று. ஓய்வு பெற வேண்டிய லொறிகளும் புதுச் சாயம் பூசிக்கொண்டு சந்தைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றை வாங்குவதற்காகத் தாயாரின் நகை அடகுக் கடைக்குச் செல்கின்றது. வீட்டு உறுதி குத்தகைக் கம்பனிக்குச் செல்கின்றது. ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் நான்கு அல்லது ஆறு சில்லுகளின்மேல் ஏறி நிற்கின்றது என்றால் அது மிகையாகாது. அத்தகைய பழைய லொறியை, குறிப்பாக மூடிய பெட்டியுடன் கூடிய லொறியை, எப்படித் தெரிந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

லொறி பார்க்கப் போகிறவர் முதலில் செய்வது யாது? எஞ்சினை முடுக்கச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்பதுதான். ஏற்றத்தில் இழுக்குமா என்று வினவுகின்றார். இக்கேள்வி தவறன்று, ஆயின் அது இரண்டாவது கேள்வி. மாத்தளைக்கு உரிய முதற் கேள்வி, இறக்கத்தில் நிற்குமா என்பதே. இழுக்காத லொறி வழியில் நின்றுவிடும். ஒரு நாள் கூலி போகும். நிற்காத லொறியோ உயிரைக் கொண்டுபோகும்.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். சுமையோடு சேர்த்து 5 தொன் எடையுள்ள ஒரு லொறி 300 மீற்றர் உயரத்தை இறங்கிக் கடக்கின்றது என்று கொள்வோம். அவ்விறக்கத்தில் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 50 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. வேகம் கூடாமல் லொறியைக் காப்பதற்குப் பிரேக்கை மட்டுமே மிதித்தால், இவ்வெப்பத்தின் பெரும் பகுதி சில்லுகளுக்குள் இருக்கும் பிரேக் தட்டைகளையும் உருளைகளையும் சென்று சேரும். அவை அளவு மீறிச் சூடேறினால் பிடிமானம் குன்றும். பிரேக் எண்ணெய் பழையதாகி ஈரம் ஏறியிருந்தால், அது கொதித்து ஆவியாகி, மிதிபலகை வெறுமனே கீழே போய்விடும். பலகடுவைக் கணவாயின் வளைவுகளிலோ, எல்கடுவையிலிருந்து இறங்கும் வழியிலோ, ரிவஸ்டன் பக்கத்திலிருந்து ரத்தோட்டைக்கு வரும் வீதியிலோ இது நேர்ந்தால் விளைவு என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகையால் பிரேக்கைச் சோதிக்கும் முறையை முதலில் அறிந்துகொள்வோம். எஞ்சினை நிறுத்திவிட்டு, மிதிபலகை இறுகும்வரை சில முறை மிதியுங்கள். பின்னர் காலை அழுத்தி வைத்தபடியே எஞ்சினை இயக்குங்கள். வெற்றிட உதவியோடு இயங்கும் பிரேக்காயின், பலகை சற்றே தாழ வேண்டும். தாழாவிட்டால் அவ்வுதவி கிடைக்கவில்லை என்று பொருள். அடுத்து ஒரு நிமிடம் ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். பலகை மெல்ல மெல்லக் கீழே இறங்குமானால் எங்கோ கசிவு உண்டு. சில்லுகளின் உட்புறத்தில் ஈரக் கறை இருக்கின்றதா என்றும் குனிந்து பாருங்கள். கைப் பிரேக்கைச் சமதரையில் அன்றி ஒரு சரிவிலே போட்டுச் சோதியுங்கள்.

ஜப்பானிய லொறிகள் பலவற்றில் புகைக்குழாயை அடைத்து எஞ்சினையே தடையாக மாற்றும் 'எக்ஸோஸ்ட் பிரேக்' என்னும் அமைப்பு உண்டு. மலைநாட்டில் அது பெருந்துணை. ஆயினும் பழைய லொறிகளிலே அதன் ஆளி மட்டும் இருந்து, உள்ளே இணைப்புக் கழற்றப்பட்டிருப்பதைக் காணலாம். ஓடும்போது போட்டுப் பார்த்தால், லொறி பின்னிழுப்பதை உடலே உணரும். மேலும், இரண்டாம் கியரில் இறங்கும்போது காலை எடுத்துவிடுங்கள். கியர் தானாகக் கழன்று நடுநிலைக்கு வருமானால், கியர்ப்பெட்டி தேய்ந்துவிட்டது. அப்படிப்பட்ட லொறியை மலையில் ஓட்டலாகாது.

இரண்டாவதாக, நீங்கள் ஏற்றப்போகும் சுமை எது என்பதைத் தீர்மானித்துவிட்டே லொறியைத் தேட வேண்டும். நம் நாட்டுச் சந்தையிலே பத்தரை அடி, பதினான்கரை அடி என்று பெட்டியின் நீளத்தைச் சொல்லியே லொறிகள் விற்கப்படுகின்றன. நீளம் கூடினால் வருமானம் கூடும் என்று பலர் கருதுகின்றனர். அது ஆபத்தான கருத்து. பத்தரை அடி நீளமும் ஐந்தரை அடி அகலமும் ஆறடி உயரமும் கொண்ட பெட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 10 கன மீற்றர். உலர்ந்த மிளகு லீற்றருக்குச் சுமார் அரைக் கிலோகிராம் நிறுக்கும். ஆகவே அப்பெட்டியை முகடு முட்ட நிரப்பினால் சுமை 5 தொன்னை நெருங்கும். லொறியோ இரண்டு தொன் சுமக்கப் பிறந்ததாயிருக்கலாம். அரிசியானால் நிலை இன்னும் மோசம். பெட்டி கொள்ளும் என்பதனால் அச்சுத் தாங்கும் என்று ஆகிவிடாது. லொறியின் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் மொத்த எடையிலிருந்து வெறும் எடையைக் கழித்து வருவதே நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. இரும்புப் பெட்டி பாரமாயிருந்தால் அக்கழிவும் உங்கள் கூலியிலிருந்தே போகின்றது.

மூடிய பெட்டி எல்லாச் சுமைக்கும் ஏற்றதன்று என்பதையும் நினைவிற் கொள்க. மிளகு, கராம்பு, பிஸ்கட், சீனி, மா ஆகியவற்றுக்கு அது சிறந்த காவல். மழையும் தூசும் கள்வரும் அணுகார். மரக்கறியோ பறித்த பின்னரும் மூச்சு விடுகின்ற பொருள். காற்றோட்டமற்ற இரும்புப் பெட்டிக்குள் தம்புள்ளையிலிருந்து பேலியகொடைச் சந்தை வரையில் அதனை அடைத்து வைத்தால், அது வெந்து வதங்கிவிடும். மரக்கறியே உங்கள் முக்கிய தொழிலாயின் தார்ப்பாய் போட்ட திறந்த உடலோ, காற்றுத் துளைகள் உள்ள பெட்டியோ வேண்டும். உயர்ந்த பெட்டி ஒடுங்கிய தோட்டப் பாதைகளில் மரக்கிளைகளிலும் மின்கம்பிகளிலும் முட்டும். வளைவிலே சாயும் தன்மையும் அதற்குக் கூடுதல். பின்னே வருவது கண்ணாடியில் தெரியாதாகையால், நம்பிக்கையான ஓர் உதவியாள் இல்லாமல் பின்னோக்கி ஓட்டுவது தகாது.

மூன்றாவதாக, லொறியின் முதுகெலும்பாகிய சட்டகத்தைப் பார்க்க வேண்டும். சாரதிகள் இதனைச் 'செசி' என்பர். எஞ்சினைப் பழுது பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம். சட்டகம் முறுகிவிட்டால் அந்த லொறி ஒருநாளும் நேராக ஓடாது. ஸ்பிரிங் பொருந்தியிருக்கும் இடங்களின் அருகே வெடிப்போ, புதிய ஒட்டு வேலையோ, அவ்விடத்தில் மட்டும் கறுப்புச் சாயமோ தென்பட்டால் ஐயுறுங்கள். ஸ்பிரிங்கிலே பின்னர் சேர்த்த பட்டைகள் இருந்தால், அந்த லொறி நெடுங்காலம் அளவுக்கு மிஞ்சிய பாரம் சுமந்தது என்பதற்கு அதுவே சாட்சி. டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பதும், பெட்டியின் கதவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் தொங்குவதும் அதே கதையைத்தான் சொல்கின்றன.

பெட்டியைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. பட்டப்பகலில் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் மழைநீர் நுழையும் வழி. ஒழுகும் கூரையின் கீழ் ஒரு மூடை மிளகு பூஞ்சணம் பிடித்தால், அந்த நட்டம் யார் தலையில் விழும் என்று சொல்லவேண்டுமா? தரைப்பலகையின் அடிப்பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உளுத்தலும் துருவும் அங்கேதான் தொடங்குகின்றன.

எஞ்சினைப்பற்றிச் சில சொற்கள். சூடாக்கி வைத்த எஞ்சினைப் பார்க்கச் சம்மதிக்காதீர்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போதே முடுக்க வேண்டும். நீலப் புகை எண்ணெய் எரிவதையும், நிற்காத வெண்புகை நீர் உள்ளே கசிவதையும், கரும்புகை எரிபொருள் சரிவர எரியாமையையும் காட்டும். இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கன்டர், டொயோட்டா டைனா முதலிய வகைகளுக்கு உதிரிப்பாகமும் வேலை தெரிந்தவரும் கிடைப்பது எளிது. அரிய வகை லொறி சில இலட்சம் மலிவாகக் கிடைத்தாலும், ஒரு பாகத்திற்காக வாரக்கணக்கில் காத்திருந்தால் அந்த மலிவு கரைந்துபோகும். பழைய இயந்திரப் பம்பு உள்ள எஞ்சினைக் கிராமத்துக் கராஜிலும் திருத்தலாம். மின்னணுக் கட்டுப்பாடு உள்ளதற்குத் தனிக் கருவியும் பயிற்சியும் வேண்டும். வேகமானி காட்டும் கிலோமீற்றர்க் கணக்கைவிட மிதிபலகைத் தேய்வு உண்மையானது.

இனிப் பத்திரங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் வாகனத்தில் பொறிக்கப்பட்டவையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். 'முழுமையான உரிமையாளர்' என்ற இடத்தில் குத்தகைக் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீரவில்லை. விற்பவர் தமக்கு முழுதும் உரித்தில்லாததை விற்கின்றார். திகதியிடாத கையெழுத்துப் பத்திரங்கள் பல கை மாறி வந்திருந்தால் ஒதுங்கிக்கொள்வதே நல்லது. திறந்த லொறியாய்ப் பதிந்து பின்னர் பெட்டி ஏற்றியிருந்தால், அம்மாற்றம் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டதா என்று பாருங்கள். வாகனத்தின் பதிவு விவரத்தைக் கட்டணம் செலுத்தித் திணைக்களத்திலேயே பெற்றுக்கொள்ளலாம். வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்று, தகுதிச் சான்றிதழ், காப்புறுதி ஆகியவையும் காலாவதியாகாமல் இருத்தல் வேண்டும்.

விலை பேசும்போது கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். பத்தில் ஒரு பங்கையேனும் ஒதுக்கி வைத்து, லொறி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே பிரேக் எண்ணெயையும் தேய்ந்த பாகங்களையும் டயரையும் மாற்றுங்கள். மாதத் தவணையைக் கணக்கிடும்போது எல்லா நாளும் ஓட்டம் இருக்கும் என்று எண்ணலாகாது. 2022இல் எரிபொருளுக்காக லொறிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. மாதத்தில் பாதி நாள் ஓடினாலும் கட்டக்கூடிய தவணையே கட்டக்கூடிய தவணை.

இறுதியாக ஒன்று. விற்பவருக்கு வேண்டிய மெக்கானிக்கை விட்டு, உங்களுக்கு வேண்டியவரை அழைத்துச் செல்லுங்கள். ஒரு தொன் சுமையேனும் ஏற்றி, ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். நல்ல லொறியை விற்கிறவர் இதற்கு மறுக்கமாட்டார். மறுப்பவரிடம் கோபம் கொள்ளவும் வேண்டாம். அவர் தமது லொறியைப்பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டார். நன்றி கூறி வந்துவிடுங்கள். ஆசைப்பட்ட லொறியை விட்டுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறி வீடு திரும்புவது சிறிது மனத்தாங்கலாகவே இருக்கும். ஆனால் நகை இன்னும் வீட்டில் இருக்கும்; பிள்ளையும் வீட்டில் இருப்பான். அடுத்த வாரமும் லொறிகள் விற்பனைக்கு வரும்.