ரெண்டு மழைக்கு ஒரு லேப்டாப் பை

இன்னைக்கு என் கை சுட்ட கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். 13 இன்ச் லேப்டாப், இன்னும் எட்டு மாச இ.எம்.ஐ. பாக்கி. ஒரு அக்டோபர் சாயங்காலம் திருவனந்தபுரத்துல இருந்து வந்து நாகர்கோவில் ஜங்ஷன்ல இறங்குறேன், மழை கொட்டுது. பைக்கு ரெயின் கவர் மாட்டியாச்சே, பிறகென்னன்னு ஸ்கூட்டர எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். வீட்டுல திறந்து பார்த்தா லேப்டாப் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. பதட்டத்துல மூணு தடவை பவர் பட்டனை அமுக்கினேன். போர்டு போச்சு. இல்லாத லேப்டாப்புக்கு எட்டு மாசம் தவணை கட்டினேன்.

தண்ணி எப்படி உள்ள போச்சு? ரெயின் கவர் பையோட வெளிப்பக்கத்தை மட்டும்தான் மூடும். நம்ம முதுகுல ஒட்டுற பக்கம் திறந்தே இருக்கும். கழுத்துல விழுற மழை அது வழியா இறங்கி, கவரோட அடியில தேங்கும். லேப்டாப் அறை இருக்கிறதும் அதே முதுகுப் பக்கம்தான்! ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’னு எழுதியிருந்தாலும், தையல் ஓட்டை வழியாவும் ஜிப் வழியாவும் தண்ணி இறங்கும்.

நம்ம மாவட்டத்துக்கு ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர்ல வடகிழக்குன்னு ரெண்டு பருவமழையும் உண்டு. அதனால மழையை மனசுல வச்சுத்தான் பை வாங்கணும்.

கடைக்குப் போறப்போ லேப்டாப்பைக் கையோட கொண்டு போங்க. 13 இன்ச்ங்கிறது திரையோட மூலைவிட்டம். லேப்டாப் அகலம் சுமார் 30 சென்டிமீட்டர்தான் வரும். 15.6 இன்ச்சுக்குத் தைச்ச அறையில அது அங்கயும் இங்கயும் ஆடும். அடுத்து, அந்த அறைக்குள்ள கையை விட்டு அடியைத் தொட்டுப் பாருங்க. அறை பையோட அடித்தட்டுல முட்டாம, ரெண்டு விரக்கடை மேலேயே முடியணும். இல்லன்னா பஸ்ஸுல பையைக் கீழ வைக்கிற ஒவ்வொரு தடவையும் லேப்டாப் மூலையில அடி விழும். சார்ஜர், சாப்பாட்டு டப்பா, குடைக்கு 20 லிட்டர் பை தாராளம். பெருசா வாங்கினா, காலி இடத்தை நாமளே எதையாவது போட்டு நிரப்பிச் சுமப்போம்.

இப்ப நான் லேப்டாப்பை ஷட்டவுன் பண்ணி, வாயைச் சுருட்டி மூடுற ட்ரை பேக்ல போட்டு, அதைத்தான் பைக்குள்ள வைக்கிறேன். பை நனைஞ்சாலும் கவலை இல்ல.

அதையும் மீறி நனைஞ்சா? பவர் பட்டனைத் தொடாதீங்க, சார்ஜரும் போடாதீங்க. நேரா சர்வீஸுக்குக் கொண்டு போங்க.

புதுப் பை வாங்கினா, கலரைப் பார்க்கும் முன்ன முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்க மக்கா. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.